பெரிய கெளுத்தி வளர்ப்பு: கேள்விகளும் பதில்களும்

ரெட்டெயில், டைகர் ஷவல்நோஸ், பங்காசியஸ் போன்ற பெரிய கெளுத்திகளை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். 8 செ.மீ. ரெட்டெயில் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம். எத்தனை நாளைக்குத் தாங்கும்? மீன் தொட்டிக்கு ஏற்ற அளவுக்குத்தான் வளரும் என்கிறார்களே?

பதில்: மீன் 30 செ.மீ. ஆகும் வரை தாங்கும். ஒழுங்காகத் தின்னும் குட்டி அரை வருடத்துக்குள் அந்த அளவை எட்டிவிடும். அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. வீட்டிலும் 90 செ.மீ. தாண்டுவது சாதாரணம்.

தொட்டிக்கு ஏற்ற அளவோடு மீன் நின்றுகொள்ளும் என்பது தவறு. இடமும் நல்ல தண்ணீரும் இல்லாததால் வளர்ச்சி தடைபடுகிறது, அவ்வளவுதான். முதுகெலும்பு வளையும், ஆயுள் குறையும். தொட்டி வாங்கும்போது எல்லோரும் நீளத்தைப் பார்க்கிறார்கள். இந்த மீனுக்கு முக்கியம் அகலம். மீனின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் இருந்தால்தான் உடம்பை மடக்காமல் திரும்ப முடியும். வளர்ந்த மீனுக்கு 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 80 செ.மீ. நீர்மட்டம் வேண்டும். அது 6,400 லிட்டர். தண்ணீர் மட்டுமே ஆறு டன்னுக்கு மேல் எடை வரும் என்பதால் தரைத்தளத்தில் கான்கிரீட் தரைமேல் கட்டும் தொட்டிதான் சரி. அப்படி ஒன்றைக் கட்டும் எண்ணம் உறுதியாக இல்லையென்றால், குட்டியாக இருக்கும்போதே அதைப் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அரை மீட்டர் வளர்ந்தபின் வாங்க ஆள் கிடைப்பது கடினம். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, 60 செ.மீ. டைகர் ஷவல்நோஸுக்கு தினமும் கோழி ஈரல் போடுகிறேன். ஆசையாகத் தின்கிறது. தொடரலாமா?

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். கோழி, மாட்டுக் கொழுப்பு மீனுக்கு ஒழுங்காகச் செரிக்காது. அது மீனின் ஈரலில் படிந்துகொண்டே போகும். வெளியே பார்க்க மீன் கொழுகொழுவென்று இருக்கும், ஒருநாள் திடீரென்று செத்துப்போகும்.

அடிப்படை உணவாக 40 முதல் 45 சதவீதம் புரதம் உள்ள, மூழ்கும் பெல்லட்டை (உருண்டைத் தீவனத்தை) பழக்குங்கள். முதல் வாரம் முழுக்க மீன் துண்டு. அடுத்து, துண்டைக் கீறி உள்ளே ஒரு பெல்லட்டைச் செருகிப் போடுங்கள். பிறகு துண்டைக் குறைத்துப் பெல்லட்டைக் கூட்டுங்கள். நடுவில் இரண்டு மூன்று வேளை மறுத்தால் பதறி ஈரலுக்குத் திரும்ப வேண்டாம். இந்த அளவு மீன் பத்து நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். பெல்லட்டோடு திலாப்பியா துண்டு, மண்புழு சேர்க்கலாம்.

உயிருள்ள கோல்ட்ஃபிஷ் போடும் பழக்கம் வேண்டாம். அவை ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். அதோடு, அவற்றின் உடலில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் நிலைதடுமாறும், வலிப்பு வந்து துடிக்கும்.

அளவைச் சொல்கிறேன். 30 செ.மீ. வரை தினம் ஒரு வேளை, 60 செ.மீ. வரை வாரம் மூன்று வேளை, அதற்கு மேல் வாரம் ஒன்று அல்லது இரண்டு வேளை. வளர்ந்த மீனுக்கு ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் பெல்லட். தின்றதும் வயிறு லேசாக உருண்டு, அடுத்த வேளைக்குள் மறுபடி தட்டையாக வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது தலையைவிட வயிறு எப்போதும் அகலமாகவே தெரிந்தால் உணவு அதிகம்.

கேள்வி: மூன்று மாதமாகத் தண்ணீர் மாற்றவில்லை, மீன் நன்றாகவே இருந்தது. நேற்று 80 சதவீதம் மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் மீன் மல்லாந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் விஷமா?

பதில்: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்து, அதை நீக்காமல் விட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் விஷம் தொட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. பெரிய கெளுத்தித் தொட்டிகளில் அதிகம் நடக்கும் விபத்து இது. விவரமாகச் சொல்கிறேன்.

40 சதவீதப் புரதமுள்ள 100 கிராம் பெல்லட் தின்றால் ஏறக்குறைய மூன்றரை கிராம் அம்மோனியா நைட்ரஜன் (மீனுக்கு நஞ்சான அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன்) வெளியேறும். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அப்படி மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையையும் (அமிலமாகாமல் தாங்கும் திறனையும்) தின்னும்: ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். தண்ணீர் மாற்றாவிட்டால் இந்தக் காரத்தன்மை தீர்ந்து பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 6-க்கும் கீழே இறங்கும். அமிலத் தண்ணீரில் பாக்டீரியா மந்தமாகிவிடுவதால் அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் குறைந்த பிஹெச்சில் அது அம்மோனியம் என்ற, அதிகத் தீங்கில்லாத வடிவில் இருக்கும். அதனால்தான் மீன் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தது.

நேற்று ஊற்றிய தண்ணீர் பிஹெச் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் பிஹெச் 6-இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.06 சதவீதம்தான். பிஹெச் 8-இல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். 80 சதவீதம் வெளியேற்றியதால் மொத்த அம்மோனியா ஐந்தில் ஒரு பங்காகியிருக்கும். ஆனால் நச்சுப் பங்கு ஏறக்குறைய நூறு மடங்காகிவிட்டது.

மீன் இன்னும் உயிரோடு இருந்தால், அம்மோனியாவைக் கட்டித் தீங்கற்றதாக்கும் கண்டிஷனர் என்ற நீர்மருந்தை முழுத் தொட்டி அளவுக்குப் போட்டு, ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்து, விளக்கை அணையுங்கள். உணவு வேண்டாம்.

இதேபோலப் பழைய தண்ணீரோடு இருப்பவர்கள் முதலில் பிஹெச்சையும் அம்மோனியாவையும் சோதியுங்கள். பிஹெச் 6.5-க்குக் கீழே இருந்து அம்மோனியாவும் தெரிந்தால், முதலில் கண்டிஷனர், பிறகு ஒரு நாளைக்கு 10 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். அம்மோனியா பூஜ்யமான பிறகுதான் அளவைக் கூட்டலாம். பிறகு வாரம் 40 முதல் 50 சதவீதம், தவறாமல். இலக்கு: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள்). உங்கள் தண்ணீரே மென்மையானது என்றால் 1,000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா, காரத்தன்மையை 18 பிபிஎம் உயர்த்தும்.

குளோரினுக்கு, ஒரு பிபிஎம் குளோரின் உள்ள 1,000 லிட்டருக்கு 7 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கணக்கு. கொஞ்சம் கூடுதலாக 10 கிராம் போடலாம். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) கலந்த தண்ணீர் என்றால் இது மட்டும் போதாது. குளோரின் போனபின் அம்மோனியா மிஞ்சும், அதையும் கட்டும் கண்டிஷனர் வேண்டும்.

கேள்வி: ஃபில்டர் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

பதில்: தொட்டி அளவில் 20 முதல் 30 சதவீதம் கொள்ளும் சம்ப் (தனியாக வைக்கும் ஃபில்டர் தொட்டி), மணிக்கு ஐந்தாறு முறை தண்ணீர் சுற்றும் பம்ப். முதல் அறையில் கழிவைப் பிடிக்கும் ஸ்பாஞ்சை வாரம் இருமுறை அலசுங்கள். கழிவு அங்கேயே ஊறினால் ஃபில்டரே அம்மோனியா தயாரிக்கும். ஹீட்டரையும் சம்ப்பிலேயே வையுங்கள். தொட்டிக்குள் வைத்தால் இந்த மீன்கள் அதை உடைக்கும், அல்லது அதன்மேல் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

கேள்வி: என் ரெட்டெயில் எலுமிச்சை அளவு கூழாங்கல்லை விழுங்கிவிட்டது. வயிறு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. பிடித்து அமுக்கி எடுக்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், உள்ளே கிழியும். ரெட்டெயில் விழுங்கியதைக் கக்கக்கூடிய மீன். உணவை நிறுத்தி, விளக்கை அணைத்து, யாரும் தொட்டியைத் தட்டாமல் பாருங்கள். பெரும்பாலும் சில நாளில் கக்கிவிடும். ஒரு வாரம் கடந்தும் வீக்கம் குறையாவிட்டால் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கிடையில் வாய்க்குள் போகக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்: கற்கள், உறிஞ்சு கப், தெர்மாமீட்டர், பிளாஸ்டிக் செடி. வெறும் தரை அல்லது மெல்லிய மணல் போதும்.

கேள்வி: உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப்புள்ளி. மருந்து பாட்டிலில் உள்ள அளவையே போடலாமா?

பதில்: செதில் இல்லாத மீன் என்பதால் முழு அளவு ஆபத்து. மலாக்கைட் பச்சை கலந்த மருந்தென்றால் பாதி அளவு. அதற்கு முன் வெப்பத்தையும் உப்பையும் முயலுங்கள். சில மணிக்கு ஒரு டிகிரி வீதம் 30 டிகிரிக்கு ஏற்றி, அயோடின் சேராத உப்பை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கரைத்து, மூன்று தவணையாக ஒன்றரை நாளில் விடுங்கள். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், கூடுதல் ஏர் ஸ்டோன் கட்டாயம்.

தோலுக்குள் இருக்கும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. அது வெடித்து நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில்தான் ஒட்டுண்ணி சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் 14 நாள் தொடருங்கள், தினமும் அடித்தரையை உறிஞ்சி எடுங்கள். சில வகை வெள்ளைப்புள்ளி 30 டிகிரியையும் தாங்கும். ஐந்து நாளில் குறையாவிட்டால் பாதி அளவு மருந்துக்குப் போங்கள்.

கேள்வி: மீசை நாளுக்கு நாள் குட்டையாகிறது. என்ன நோய்?

பதில்: பெரும்பாலும் நோயல்ல. கூரான கல் அல்லது தரையில் தேங்கும் கழிவு. இரண்டையும் சரிசெய்தால், வேர் அழுகாதவரை மீசை மறுபடி வளரும்.

கேள்வி: இரவில் பங்காசியஸ் கண்ணாடியில் மோதி மூக்கு ரத்தமாகிறது.

பதில்: இருட்டில் திடீரென்று விளக்கு போட்டாலே அது மிரண்டு பாயும். முதலில் அறையின் மங்கலான விளக்கு, கால் மணி கழித்துத் தொட்டி விளக்கு. மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே கருப்புத் தாள் ஒட்டுங்கள். கூட்டமாக வாழும் மீன் அது, தனியாக இருந்தால் மிரட்சி கூடும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் வளரும் என்பதால், வீட்டுத் தொட்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதே இல்லை. மூடிக்குக் கொக்கி போடுங்கள், கனமான கண்ணாடியைக்கூடத் தூக்கிவிடும். காயத்துக்கு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பும் சுத்தமான தண்ணீரும் போதும்.

கேள்வி: 50 செ.மீ. மீனை வேறு தொட்டிக்கு மாற்றப் பெரிய வலை எங்கே செய்யச் சொல்வது?

பதில்: வலை வேண்டாம். மார்புத் துடுப்பின் முள் வலையில் மாட்டி முறியும். தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, மூடியுள்ள நீளமான டப்பை மூழ்கடித்து, பலகையால் மெல்ல ஓட்டி உள்ளே விட்டு, தண்ணீரோடு இரண்டு பேராகத் தூக்குங்கள். இரண்டு நாள் முன்பே உணவை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் வழியில் கக்கி அந்தத் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

கேள்வி: வாய் பெரிய கெளுத்திதான் பிடிக்கும், ஆனால் ஐந்தடித் தொட்டிக்கு மேல் முடியாது. வழி உண்டா சார்?

பதில்: உண்டு. சாக்கா 20 செ.மீ. தான் வளரும், இலைபோல அசையாமல் படுத்து வேட்டையாடும். மெல்லிய மணலும் மங்கலான வெளிச்சமும் கொடுங்கள். ஓடியாடும் மீன் வேண்டுமென்றால் பிமலோடஸ் பிக்டஸ் ஐந்தாறு சேர்த்து விடலாம், 12 செ.மீ. அளவுதான். கல்பர் கெளுத்தி 25 செ.மீ. வளரும், ஆனால் தன் நீளத்துக்கு நெருங்கிய மீனையும் விழுங்கிவிடும். அதைத் தனியாக மட்டுமே வைக்க வேண்டும்.