மாத்திரை போட்டும் டி.எஸ்.ஹெச் ஏன் குறையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. தஞ்சாவூர் பக்கம் ஒரு சிற்றூர். மகள் பிறந்த பிறகு தைராய்டு குறைவு என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். 50-ல் தொடங்கி, 75 ஆகி, இப்போது 100 போடுகிறேன். மறந்துவிடக் கூடாது என்று காலைக் காபியோடு சேர்த்தே போட்டுவிடுவேன். ரத்தக் குறைவுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் அதோடு. ஆனாலும் கடைசி டெஸ்டில் டி.எஸ்.ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்த அளவு) 11.2. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, முடி கொட்டுகிறது, 9 கிலோ ஏறிவிட்டேன். "எப்பப் பார்த்தாலும் படுத்துக்கிட்டே இருக்கா" என்று வீட்டில் பேச்சு. முட்டைக்கோஸ், காலிஃபிளவரை மாமியார் வாங்குவதே இல்லை. ஆயுசுக்கும் மாத்திரையா என்று பயமாக இருக்கிறது. என் ஓரகத்தி பத்து நாள் நிறுத்திப் பார்த்தாளாம், நன்றாகத்தான் இருந்ததாம். நானும் நிறுத்திவிடலாமா? இரண்டாவது குழந்தைக்கும் ஆசைப்படுகிறோம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தக் காலைக் காபிதான்.

எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால்தான் அது குடலில் சரியாக உறிஞ்சப்படும். காபி அதைக் குறைத்துவிடும். இரும்பும் கால்சியமும் அதைவிட மோசம். குடலுக்குள்ளேயே இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்துக்குப் போகவிடாமல் மலத்தோடு வெளியேற்றிவிடும். மூன்றையும் ஒரே வாயில் போட்டு மேலே காபியும் குடித்தால், 100 மைக்ரோகிராமில் உடம்புக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மறக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் இப்படிச் செய்திருக்கிறீர்கள். மாத்திரையை எழுதும்போதே இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? எழுந்து பல் தேய்த்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். அதன் பிறகு அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காபியும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம். இரும்பும் கால்சியமும் குறைந்தது 4 மணி நேரம் தள்ளி. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும், இரும்பை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். அவை இரண்டும்கூட ஒன்றாகப் போனால் ஒன்றையொன்று கெடுக்கும். எழுந்தவுடன் காபி இல்லாமல் முடியவே முடியாது என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு தைராய்டு மாத்திரையை இரவு படுக்கும்போது போடலாம். ஆனால் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இரும்பு மாத்திரையையும் மாலை நேரத்துக்கு நகர்த்த வேண்டும். மருந்து டப்பாவை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது.

இந்த மாற்றத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இத்தனை நாள் அரைகுறையாகப் போன 100 இனி முழுதாகப் போகும்போது சிலருக்கு அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் உடனே காட்டுங்கள். 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்தால் எண் சரியாக நிலைத்திருக்காது. அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பலர் தாங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சில லேப்களில் அது டி.எஸ்.ஹெச்-ஐக் குறைத்துக் காட்டிவிடும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

உங்கள் ஓரகத்தி பொய் சொல்லவில்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். பத்து நாள் நிறுத்தியவருக்கு உடம்பில் இன்னும் மருந்து இருக்கிறது, அதனால் வித்தியாசம் தெரியாது. வாரங்கள் போகப் போகத்தான் மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகவீக்கம், மறதி என்று ஒவ்வொன்றாக வரும். அப்போது மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று தோன்றக்கூடத் தோன்றாது. அவரையும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயுசுக்கும் மாத்திரையா என்ற பயம் எனக்குப் புரிகிறது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டுக் குறைவு சிலருக்குத் தானே சரியாகிவிடும். உங்களுக்கு டோஸ் ஏறிக்கொண்டே வந்திருப்பதைப் பார்த்தால் நிலைத்துவிட்டது என்றே தோன்றுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானைச் சேர்ந்த ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே நோயும் அழைக்கப்படுகிறது. மாத்திரையில் இருப்பது அந்தச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். நீங்கள் போடுவது அதைவிட எவ்வளவோ சுத்தமான, அளவு துல்லியமான மருந்து.

எடையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். தைராய்டுக் குறைவால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.ஹெச் சரியானால் அது இறங்கும். மீதிக்கு நடையும் சாப்பாட்டு அளவும்தான் வழி, ஆனால் இப்போதே உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். உடம்பில் தெம்பு வரட்டும். முடி கொட்டுவது நிற்க எண் சரியான பிறகும் சில மாதங்கள் ஆகும். முட்டைக்கோஸைத் தாராளமாக வேகவைத்துப் பொரியல் செய்து சாப்பிடுங்கள், அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சோயாவில் செய்யும் மீல்மேக்கர் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அதை மட்டும் மாத்திரை நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சோர்வுக்கு ரத்தக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் அதிகமாகப் போகும், அதில் இரும்பும் போய்விடும். ஆகவே இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஹீமோகுளோபினோடு பி12, வைட்டமின் டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் மாமியாரிடமும் கொடுங்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: டி.எஸ்.ஹெச் பொதுவாக 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டும், இவருக்கு 11-ஐத் தாண்டியிருக்கிறது. இதயத் துடிப்பிலிருந்து குடல் அசைவு வரை உடம்பில் எல்லாமே மெதுவாகிப்போன நிலை அது. அந்த உடம்போடுதான் இவர் காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். காலையில் காபியை அரை மணி நேரம் தள்ளி நீங்களே போட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கு இந்த நோய் தடை இல்லை, ஆனால் எண்ணைச் சரிசெய்துவிட்டுத்தான் முயற்சி செய்ய வேண்டும். பொதுவாக 2.5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் உங்களிடமிருந்துதான் போகும், மருந்தின் தேவையும் ஆரம்பத்திலேயே ஏறிவிடும். நாள் தள்ளிப்போய் டெஸ்டில் உறுதியானால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு டோஸைக் கேளுங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்கவும் கூடாது, கர்ப்பத்தில் மாத்திரை கூடாது என்று யாராவது சொன்னால் நிறுத்தவும் கூடாது.