டிரென்ட் ஓல்ட்ஜென் மேலே போன பாதை: பேஸ்பால் கேள்வி பதில்

சிட்னியில் பிறந்த அவுட்ஃபீல்டர் (களத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்) டிரென்ட் ஓல்ட்ஜென் 2001-இல் ஓர் அமெரிக்க அணியில் ஒப்பந்தமானார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் முதல் ஆட்டம் ஆடியது 2009 ஆகஸ்ட் 6 அன்று. இடையில் நடந்ததைக் கேட்டு வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

மைனர் லீக் என்பது நம் ரஞ்சிக் கோப்பை மாதிரியா ஐயா? எனக்குக் கிரிக்கெட் மட்டுமே தெரியும்.

இல்லை. ரஞ்சி அணிக்கு என்று பெரும்பாலும் ஒரு மாநிலம் உண்டு, தனிக் கோப்பை உண்டு. மைனர் லீக் அணியோ மேலே இருக்கும் மேஜர் லீக் அணிக்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால். வீரர்களுக்குச் சம்பளம் தருவதும், யாரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் மேலே இருப்பவர்கள்தாம். ஓல்ட்ஜென் மின்னசோட்டா ட்வின்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் ஆள். படிப்படியாக ஏறி, நியூ பிரிட்டன் ஊரில் டபுள் ஏ, 2007-இல் ராச்செஸ்டரில் அதற்கு அடுத்த படியான டிரிபிள் ஏ வரை வந்துவிட்டார். டிரிபிள் ஏ என்பது மைனர் லீகின் கடைசிப் படி, மேஜர் லீகின் வாசற்படி. அங்கேயே நின்று திரும்பிப் போனவர்கள் எண்ணற்றோர்.

எட்டு ஆண்டு ஆனது என்றால் திறமை போதவில்லை என்றுதானே பொருள்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒரு மேஜர் லீக் அணியில் அவுட்ஃபீல்டில் நிற்பவர்கள் மூன்றே பேர். மாற்று ஆட்களையும் சேர்த்தால் நான்கு, ஐந்து. அந்த ஆண்டுகளில் மின்னசோட்டாவில் அவுட்ஃபீல்டின் நடு இடம் டோரி ஹன்டருடையது. ஃபீல்டிங்குக்காக ஆண்டுதோறும் தங்கக் கையுறை வாங்கிய மனிதர் அவர். அவரைத் தாண்டி ஓர் இளைஞன் எங்கே நிற்பது?

இதன்மேல் பட்டியல் கணக்கு வேறு. ஒவ்வோர் அணிக்கும் நாற்பது பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் ஏறாமல் மேஜர் லீகில் ஆட முடியாது. ஒருவரை ஏற்ற இடமில்லை என்றால் இன்னொருவரை இறக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மைனரிலேயே கிடந்து, பட்டியலிலும் ஏறாத வீரருக்கு ஒரு கட்டத்தில் விடுதலை கிடைக்கும். பிறகு விரும்பிய அணியோடு பேசிக்கொள்ளலாம். ஓல்ட்ஜென் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் பக்கம் வந்து, 2008-இல் டூசான், 2009-இல் ரீனோ என்று மறுபடியும் டிரிபிள் ஏ ஆடினார். அந்த 2009 கோடையில் அரிசோனாவின் எரிக் பர்ன்ஸுக்குப் பந்து பட்டுக் கை எலும்பு முறிந்தது. அதே அணியின் கானர் ஜாக்சன் ‘வேலி ஃபீவர்’ என்ற காய்ச்சலில் படுத்துவிட்டார். இடம் காலியானது, அழைப்பு வந்தது. திறமை அவரிடம் அதற்கு முன்பும் இருந்தது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2004 ஏதென்ஸில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் அவரும் இருந்தார். அரையிறுதியில் மட்சுசாகா பந்து வீசிய ஜப்பானை 1-0 என்று வீழ்த்தினார்கள். இறுதியில் கியூபாவிடம் 6-2 என்று தோற்றார்கள். வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியவருக்குக் காத்திருந்தது மறுபடியும் மைனர் லீக் பஸ்.

மைனர் லீகில் சம்பளம் எப்படி அண்ணா? குடும்பம் நடத்த முடியுமா?

நெடுங்காலம் முடியாது, தம்பி. 2021-க்கு முன் டபுள் ஏ-வுக்குக் கீழே உள்ள ஏ பிரிவில் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 290 டாலர். அதுவும் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். ஒரே வீட்டில் ஐந்தாறு பேர், தரையில் மெத்தை, இரவெல்லாம் பஸ் என்றுதான் வாழ்ந்தார்கள். 2022 முதல் தங்குமிடம் அணியின் பொறுப்பு. 2023-இல் வீரர் சங்கம் பேசி முடித்த ஒப்பந்தத்தால் டிரிபிள் ஏ வீரருக்கு ஆண்டுக்கு 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000. ஒரு படிக்கு இடையில் இருபது மடங்கு! இவ்வளவு தாமதமாகத்தான் இந்த அளவாவது கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

விசாச் சிக்கல் உண்டா?

முன்பு இருந்தது. மைனர் லீக் வீரர்கள் பருவகாலத் தொழிலாளர் விசாவில் போனார்கள். அதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2006 இறுதியில் வந்த சட்டம் அவர்களுக்கும் விளையாட்டு வீரர் விசாவைத் திறந்துவிட்டது.

மேஜர் லீகில் பேர் வாங்கிய ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் பந்து வீசுபவர்களாக இருப்பது ஏன்?

கிரேம் லாயிட், கிராண்ட் பால்ஃபர், லியம் ஹெண்ட்ரிக்ஸ் என்று பட்டியல் நீளும். பந்து வீச்சின் வேகத்தை ஒரு கருவியைப் பிடித்து அளந்துவிடலாம். மட்டை பிடிப்பவன் நாள்தோறும் நல்ல பந்துகளைப் பார்த்தால்தான் வளர்வான். ஆஸ்திரேலியப் பருவம் குறுகியது, அந்த வாய்ப்பு அங்கே குறைவு.

அவுட்ஃபீல்டர் வேலையும் தொலைக்காட்சியில் தெரியாது. களத்துக்குப் போனால் பந்தைப் பார்க்காதீர்கள், அவர் கால்களைப் பாருங்கள். பந்து வீசப்படும் நொடியில் முன்பாதத்தில் எடை சாய்ந்திருக்கும். மட்டையின் சத்தம் ‘டக்’ என்று கூர்மையாக இருந்தால் முதல் அடி பின்னோக்கி; மங்கலாக இருந்தால் முன்னோக்கி. அந்த ஓர் அடி தவறினால் பிறகு எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை.

சீக்கிரமே மேலே போன அவுட்ஃபீல்டர் யாரும் இல்லையா?

நியூ சவுத் வேல்ஸில் வளர்ந்த கிறிஸ் ஸ்னெல்லிங். 2002 மே மாதம், 20 வயதில் சியாட்டில் அணிக்கு ஆடினார். அடுத்த மாதமே மூன்றாம் பேஸை (ஓட்டம் எடுக்கத் தொட்டு ஓடும் முனைகளில் மூன்றாவது) சுற்றி ஓடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன் பிறகு காயங்கள் அவரை விடவே இல்லை. அவர் மட்டை வீச்சை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஓல்ட்ஜென் மேலே நிலைத்தாரா?

அரிசோனாவுக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ், 2010, 2011. மொத்தம் நூறு ஆட்டங்களுக்குச் சற்றுக் குறைவு. 2014 மார்ச்சில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் மேஜர் லீக் பருவம் தொடங்கியபோது மோதிய இரு அணிகளும் அவர் ஆடிய அதே அரிசோனாவும் டாட்ஜர்ஸும்தான். அவருடைய சொந்த ஊரில் அது நடந்ததைப் பார்த்த எனக்குப் புல்லரித்தது.

சிட்னியில் இருக்கிறோம். மகனுக்கு வயது 14, நன்றாக அடிக்கிறான். 16 வயதில் ஒப்பந்தம் வந்தால் போடலாமா ஐயா?

அவசரப்படாதீர்கள் அம்மா. உங்கள் ஊர்ப் பிள்ளை டிராவிஸ் பசானா ஒப்பந்தத்துக்குப் பதில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் போனார். 2024-இல் மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது கிளீவ்லண்ட் அணி அவரை எல்லோருக்கும் முதலாவதாக எடுத்தது. அப்படி நடக்காமல் போயிருந்தாலும் கையில் படிப்பு இருந்திருக்கும். இப்போதைக்குப் பள்ளி மதிப்பெண்ணைக் கவனியுங்கள். சனிக்கிழமைகளில் அவனுக்கு யாராவது உயரமாக நூறு பந்து அடித்துக் கொடுக்கட்டும், பந்தைப் பிடிக்க எடுத்துவைக்கும் அந்த முதல் காலடி பழகட்டும்.