ஜப்பானில் போய் இருந்தால் ஜப்பானிய மொழி தானாக வந்துவிடுமா?

கேள்வி இதுதான்: ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (ஜேஎல்பிடி) தொடக்க நிலையான என்5 முடித்தாயிற்று; அதற்கு மேலே என்4, என்3 என்று நிலைகள் போகின்றன. ஒரு வருடம் ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேர்ந்து, அங்குள்ளவர்களோடு பழகியே மொழியைப் பிடித்துவிடலாமா? இல்லை, சென்னையிலேயே என்3 வரை படித்துவிட்டுப் போக வேண்டுமா?

என்4 முடித்துவிட்டுக் கிளம்புங்கள். என்5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு போனால் காதில் விழுவதெல்லாம் வெறும் இரைச்சல். பாடத்தில் 'தபெமாசு' (சாப்பிடுகிறேன்) என்று மரியாதை வடிவத்தைப் படித்திருப்பீர்கள். வீட்டிலும் நண்பர்களிடமும் 'தபெரு, தபெதா, தபெனை' என்றுதான் பேசுவார்கள். அந்தச் சாதாரண வடிவம் கைக்கு வருவது என்4 கட்டத்தில்தான். அதன்பிறகு ஒரு வாக்கியத்தில் பாதி புரியும், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழகிக் கற்பது என்பது அந்த மீதிப் பாதியில்தான் நடக்கிறது. என்3 வரை சென்னையிலேயே உட்கார்ந்தால் வேறொரு சங்கடம்: அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. வாய் திறக்காமல் ஊறிய மொழியை அப்புறம் திறப்பது கடினம்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழியில் கிடைக்கும் சலுகையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஆங்கிலம் வழியாகவே படித்துப் பழகியதால் வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்துத் தலைகீழாக்குகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போங்கள். 'தபெதெ மிரு' என்பது 'சாப்பிட்டுப் பார்'. மிரு என்றாலே பார்ப்பது. 'கைதெ ஒகு' என்பது 'எழுதி வை'. ஒகு என்றால் வைப்பது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தெ கிமாசு' அச்சு அசலாக 'போயிட்டு வர்றேன்'. வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், அதாவது 'போயிட்டு வாங்க'. 'வரலையா?' என்ற கேள்விக்கு நாம் 'ஆமா, வரலை' என்போமே, அவர்களும் 'ஹை, கிமாசென்' என்பார்கள். கொரெ, சொரெ, அரெ என்ற மூன்று சுட்டு யாழ்ப்பாணத்தாருக்கு இன்னும் சுலபம்: இது, உது, அது. (மொழியியலாளர் சுசுமு ஓனோ இரண்டு மொழிகளுக்கும் உறவே உண்டு என்றார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை உதவும்.)

இதே தமிழ் ஓரிடத்தில் காலை வாரும். நமக்கு க, த, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. ஓசை இடத்தைப் பொறுத்துத் தானாக மாறும்: 'தந்தை'யில் முதல் த வல்லோசை, இரண்டாவது மெலிந்த ஓசை. ஜப்பானிய மொழியில் அந்த இரண்டும் வெவ்வேறு எழுத்து, பொருளும் வேறு. தங்கமும் வெள்ளியும் தமிழெழுத்தில் ஒரே 'கின்'தான். முதல் ஒலியை 'அக்கா'வின் க-வாகச் சொன்னால் தங்கம், 'அங்கே'யின் க-வாகச் சொன்னால் வெள்ளி. வானிலைக்கும் மின்சாரத்துக்கும் நாம் எழுதக்கூடியது 'தென்கி' ஒன்றுதான். இதைவிட மோசம், ன்-க்குப் பிறகு வரும் க-வை நம் நாக்கு கேட்காமலே மெலிய வைத்துவிடும். நலமா என்று கேட்கும் 'கென்கி'யை நம்மவர்கள் 'கெங்கி' என்பது இதனால்தான். 'அக்கா'வின் க-வை அங்கே வலிந்து போட வேண்டும். ஆகவே குறிப்பெடுக்கும்போது தமிழெழுத்தில் எழுதாதீர்கள் (இந்தப் பதில் செய்வதைச் செய்யாதீர்கள்). 46 ஹிராகானா எழுத்துகளை இரண்டு வாரத்தில் முடித்து அதிலேயே எழுதுங்கள். குறில் நெடில், ஒற்று இரட்டிப்பு இரண்டும் நமக்குக் கவலையில்லை. 'படு', 'பட்டு' வேறுபாடு தெரிந்தவருக்கு 'கிதெ', 'கித்தெ' பெரிய விஷயமல்ல.

இனி அங்கே போன பிறகு. மொழிப் பள்ளி பொதுவாக வாரம் 20 பாடவேளை, காலை அல்லது மதியம் அரை நாள். கட்டணம் வருடத்துக்குப் பெரும்பாலும் 7 முதல் 9 லட்சம் யென். வகுப்பில் உடன் படிப்பவர்கள் நேபாளம், வியட்நாம், சீனாவிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். ஜப்பானியர் என்றால் ஆசிரியர் ஒருவர்தான். நேபாள மாணவர்களோடு இந்தியில் பேசிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிடலாம். டோக்கியோவின் நிஷி கசாயில் அறை எடுத்தால் மளிகை முதல் நட்பு வரை எல்லாம் இந்தியாவாகவே கிடைக்கும். ஊர் ஏக்கத்துக்கு நல்லது, மொழிக்கு நல்லதல்ல. ஊரைத் தேர்வு செய்ய முடிந்தால் ஃபுகுவோகா, செண்டாய் போன்ற நடுத்தர நகரத்தைப் பாருங்கள். வாடகையும் குறைவு. ஒசாகா என்றால் தெருவில் கேட்பது கான்சாய் வட்டார வழக்கு ('கூடாது' என்பதற்கு 'அகன்'). காது சீக்கிரம் பழகிவிடும், ஆனால் தேர்விலும் நேர்காணலிலும் பொதுவழக்குதான் எதிர்பார்ப்பார்கள்.

மாணவர் விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். உங்கள் மொழி வளர்வதும் தேங்குவதும் பெரும்பாலும் இந்த 28 மணி நேரத்தில்தான். மதிய உணவுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை, பார்சல் பிரிக்கும் கிடங்கு எல்லாம் மொழி தெரியாமலே கிடைக்கும். அதனாலேயே அங்கே மொழி வராது. இரவுப் பணி என்றால் காலை வகுப்பில் தூங்குவீர்கள். வருகைப்பதிவு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும். கொம்பினி எனப்படும் 24 மணி நேரக் கடையிலோ சிறு உணவகத்திலோ சேரத்தான் என்4 வேண்டும். கல்லாவில் நின்றால் பை வேண்டுமா, சூடாக்கட்டுமா, பாயிண்ட் கார்டு இருக்கிறதா என்ற மூன்று கேள்வியை ஒரு நாளைக்கு நூறு முறை மரியாதை மொழியில் கேட்பீர்கள். பதிலுக்கு வாடிக்கையாளர் 'தைஜோபு தெசு' என்றால் சரி என்று எண்ணிப் பையை எடுத்துவிடாதீர்கள். நம்மூரில் காபி வேண்டாம் என்பதற்குப் 'பரவாயில்லைங்க' என்கிறோமே, அதுதான் இது.

ஒரு குடும்பத்தோடு தங்குவது பெரும்பாலும் சில வாரங்களுக்கே கிடைக்கும். அதை முதல் மாதத்தில் வீணாக்காமல், மூன்று நான்கு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சாப்பாட்டு மேசைப் பேச்சு பிடிபடும். குளியல் தொட்டிக்குள் இறங்கும் முன் வெளியிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது, அதே நீரில்தான் அடுத்தவரும் இறங்குவார். சைவம் என்றால் 'நிக்கு (இறைச்சி) சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் அதில் சேராது, சூப்பிலும் குழம்பிலும் ஊற்றும் 'தாஷி' பெரும்பாலும் மீன் வடிநீர். மூன்றையும் பெயர் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பேசும்போது எதிரில் இருப்பவர் நொடிக்கொரு முறை 'உன், ஹை, எஎ' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவதைப் போன்றது அது. ஒப்புக்கொண்டார் என்று பொருளல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. நீங்களும் கொட்ட வேண்டும். பேசாமல் கேட்டால் புரியவில்லை என்று நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் நம் பழக்கமும் குழப்பும்.

தவறைத் தானாக யாரும் திருத்த மாட்டார்கள். இரண்டு வார்த்தை பேசினாலே 'நன்றாகப் பேசுகிறீர்கள்' என்பது அங்கே உபசாரம், மதிப்பெண் அல்ல. திருத்தம் வேண்டுமென்றால் நகராட்சியின் சர்வதேசப் பரிமாற்றச் சங்கம் நடத்தும் தன்னார்வ வகுப்புக்குப் போங்கள்; இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள், அவர்களுக்கு நேரமும் பொறுமையும் உண்டு. அன்று நீங்கள் சொல்லத் திணறிய மூன்று வாக்கியங்களை எழுதிக்கொண்டு போய், 'நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். 'இது சரியா?' என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார்கள். கொமின்கான் எனப்படும் சமூகக் கூடத்தில் டேபிள் டென்னிஸ், சமையல், எழுத்தோவியம் என்று வாராந்தரக் குழுக்கள் உண்டு. மொழிக்கென்று கூடாத கூட்டம் என்பதால் பேச்சு இயல்பாக வரும்.

நாள்கணக்கு: தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு, சென்னையிலும் உண்டு. டிசம்பரில் என்4 எழுதினால் ஜனவரிக் கடைசியில் முடிவு தெரியும். அக்டோபர் சேர்க்கைக்குப் பள்ளிகள் மே வாக்கில் விண்ணப்பத்தை மூடுகின்றன, அதற்கு அது சரியாக இருக்கும். ஏப்ரலில் சேர வேண்டுமென்றால் முந்தைய ஜூலையில் எழுதி நவம்பருக்குள் விண்ணப்பியுங்கள். பள்ளிதான் உங்களுக்காகக் குடிவரவுத் துறையிடம் சிஓஇ எனப்படும், விசா வாங்கத் தேவையான தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும். அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதால், அது கைக்கு வரும் முன் விமானச் சீட்டை வாங்காதீர்கள்.