புக்மார்க்கிலிருந்து மேற்கோள் பட்டியல் வரை: வாசகர் கேள்வி – பதில்

மூன்று வருடமாக நானூறு கட்டுரைகளைக் குரோமில் புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். இப்போதுதான் மேற்கோள்களைத் தொகுக்க உதவும் ஸோட்டெரோ மென்பொருளை நிறுவினேன். எல்லாவற்றையும் அப்படியே உள்ளே கொண்டுவர முடியுமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

முடியும். புக்மார்க் மேனேஜரில் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பு வரும். ஸோட்டெரோவின் ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். புக்மார்க்கில் இருப்பது பக்கத்தின் தலைப்பும் முகவரியும்தான். நானூறும் வெறும் ‘வெப் பேஜ்’ என்று வந்து உட்காரும். ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எண், பக்க எண் எதுவும் இருக்காது. பிறகு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

டிஓஐ (கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாள எண்) வழியாகப் போங்கள். ‘10.’ என்று தொடங்கி நடுவில் சாய்கோடு வரும் எண் அது. பல பதிப்பகங்களின் முகவரிக்குள்ளேயே இருக்கும். முதலில் எந்தத் தொகுப்பில் சேர வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள மந்திரக்கோல் படத்தை அழுத்தினால் சிறு பெட்டி திறக்கும். அதில் ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் பல வரிகள் எழுதலாம். இருபது இருபதாக ஒட்டினால், எது விடுபட்டது என்று சரிபார்ப்பது எளிது.

விடுபடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முகவரியின் வால். ஃப்ரான்டியர்ஸ் இதழ்களின் முகவரி டிஓஐக்குப் பின் ஒரு சாய்கோடும் ‘ஃபுல்’ என்ற ஆங்கிலச் சொல்லுமாக முடியும். அந்த வாலையும் எண்ணோடு சேர்த்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒட்டும் முன் நறுக்கிவிடுங்கள். சயின்ஸ் டைரக்ட் முகவரியில் டிஓஐயே இருக்காது. அந்தப் பக்கங்களைத் திறந்து, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் நீட்சியான ஸோட்டெரோ கனெக்டரை அழுத்துவதே வழி.

கூகுள் ஸ்காலரில் ‘சைட்’ அழுத்தி பிப்டெக்ஸ் (மேற்கோள் விவரங்களைத் தரும் ஒரு கோப்பு வடிவம்) எடுக்கிறேன். பட்டியலில் டிஓஐ வருவதே இல்லை. ஏன்?
– உதவிப் பேராசிரியர், மதுரை

ஸ்காலர் தரும் பிப்டெக்ஸில் டிஓஐ கிடையாது. உங்கள் பக்கம் தவறில்லை. ஸ்காலரைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விவரத்தைப் பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தோ டிஓஐ மூலமோ எடுங்கள். தேடல் பக்கத்திலிருந்தே கனெக்டரால் ஏராளமான கட்டுரைகளை அள்ளப் பார்த்தால், ‘நீங்கள் ரோபோவா?’ என்று கூகுள் மறித்துவிடும்.

என் நெறியாளரின் கட்டுரைகள் பட்டியலில் ‘எஸ்’ என்ற எழுத்தின் கீழ் வருகின்றன. அது அவருடைய தந்தை பெயரின் முதலெழுத்து!
– முனைவர் பட்ட ஆய்வாளர், யாழ்ப்பாணம்

நம் பெயர்களுக்கு இது ஓயாத தொல்லை. மென்பொருளுக்குத் தெரிந்தது குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டு பெட்டிகள்தான். ‘கார்த்திக் எஸ்’ என்று பதிப்பகம் அனுப்பிய பெயரில் கடைசியில் நிற்பது எஸ்; அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. மேற்கோளிலும் ‘எஸ், 2019’ என்றுதான் வரும். இப்படி ஒருவரின் உழைப்பு ஓர் எழுத்துக்குள் மறைந்துபோக விடக்கூடாது. ஆசிரியர் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, முன்பின் பெயர்களை இடம் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் நூல்களைக் கையால் பதியும்போது உ. வே. சாமிநாதையரை ஒரே பெட்டியில் எழுதினால் அவர் உகரத்தில் போய் நிற்பார். ‘சாமிநாதையர்’ குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் ‘உ. வே.’ அடுத்த பெட்டியிலும் இருக்கட்டும். திருவள்ளுவர் போன்ற தனிப்பெயருக்கும், நூலை வெளியிட்ட நிறுவனமே ஆசிரியராக இருக்கும்போதும் ஒற்றைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

திருத்தியபின் வேர்டில் ஸோட்டெரோ பட்டியில் உள்ள ரிஃப்ரெஷ் அழுத்தினால் ஆய்வேட்டிலும் மாறும். ‘அன்லிங்க்’ பட்டனை மட்டும் தொடாதீர்கள். அதை அழுத்திய கோப்பில் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும், பிறகு எந்தத் திருத்தமும் அதற்குள் வராது.

ஸோட்டெரோவின் 300 எம்பி இலவச இடம் நிறைந்துவிட்டது. அதன் ஃபோல்டரையே கூகுள் டிரைவுக்குள் நகர்த்திவிடலாமா?
– நூலகர், கோயம்புத்தூர்

வேண்டவே வேண்டாம். அந்த ஃபோல்டருக்குள் உங்கள் பட்டியல் முழுவதும் ஒற்றைத் தரவுத்தளக் கோப்பாக இருக்கிறது. ஸோட்டெரோ அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் அதைப் பிரதி எடுக்க முயலும். இரண்டு கணினிகளில் திறந்திருந்தால் இன்னும் மோசம். கோப்பு சிதைந்துவிடும்.

அந்த 300 எம்பி, பிடிஎஃப் போன்ற இணைப்புகளுக்கு மட்டும்தான். நூல் விவரம், குறிச்சொல், குறிப்புகள் எவ்வளவு வேண்டுமானாலும் ஒத்திசைக்கலாம். பிடிஎஃப்களுக்கு வெப்டாவ் (இணையம் வழியே கோப்புகளை ஏற்றி இறக்கும் ஒரு நெறிமுறை) வசதியுள்ள சேமிப்பிடம் ஒன்றை செட்டிங்ஸில் ‘சிங்க்’ பகுதியில் இணையுங்கள். கூகுள் டிரைவில் வெப்டாவ் இல்லை. குழு நூலகங்களுக்கும் இந்த வழி செல்லாது.

ஒத்திசைப்பையே காப்புப் பிரதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணினியில் தவறுதலாக அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால் மற்றதிலும் அழியும். சேவையே மூடப்படலாம்: இணையத்தில் மேற்கோள்களைச் சேமிக்க உதவிய கனோட்டியா 2013 மார்ச்சிலும் சைட்யூலைக் 2019 மார்ச்சிலும் நின்றுபோயின. மாதம் ஒருமுறை ஸோட்டெரோவை மூடிவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். மூடாமல் எடுத்த பிரதியை நம்ப முடியாது.