தீனியைத் தொடாத புது மீன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்பது மாதமாக ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை இரவு பஸ்ஸில் வரவழைத்தேன். ஐந்து நாளாகிறது, பெல்லட்டை (உருண்டைத் தீனியை) திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாறைக்குப் பின்னாலேயே நிற்கிறது. வெளியே வந்தால் கோமாளி துரத்துகிறது. 150 வாட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. மாலையில் 25 டிகிரி, காலையில் 21. தீனியில் பூண்டுச் சாறு கலக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பூண்டைப் பிறகு பார்ப்போம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 21 டிகிரிதான் முதல் கவலை.

காப்பர்பேண்ட் வெப்பமண்டலக் கடலின் பவளப்பாறை மீன். அதற்கு 24 முதல் 26 டிகிரி வரை வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல் வேண்டும். தண்ணீரின் சூடுதான் மீனின் உடம்புச் சூடு. ஒவ்வொரு ராத்திரியும் நாலு டிகிரி இறங்கினால் செரிமானம் மந்தப்படும், பசியே எடுக்காது. பையில் ஆடி அலுங்கி மலையேறி வந்த மீனுக்கு இது தினம் ஒரு புது அடி.

சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் போதும். உதகையின் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அறையே 10, 12 டிகிரிக்கு இறங்குகிறது. லிட்டருக்கு இரண்டு வாட் இல்லாமல் முடியாது. 400 வாட்டில் ஒரே ஹீட்டர் வாங்காமல், 200 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி அவ்வளவு சீக்கிரம் சூடேறிவிடாது. பின்புறமும் பக்கங்களிலும் ஓர் அங்குல தெர்மோகோல் ஒட்டுங்கள். மேலே கண்ணாடி மூடி போடலாம், ஆனால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். வெப்பநிலையை இனி விடிகாலையில்தான் பார்க்க வேண்டும். மாலை அளவு ஏமாற்றும்.

அடுத்தது காற்று. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். கடலோர ஊரில் போதுமான பம்ப் ஓட்டம் மலையில் போதாது. தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சிறு பம்பான பவர்ஹெட்டின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்மட்டம் முழுக்கச் சுருள்சுருளாக அசையும்படி வையுங்கள். மீன் ஒதுங்கும் மூலையில் மட்டும் ஓட்டம் நேராக அடிக்கக் கூடாது. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். வாயும் செவுளும் ஓயாமல் படபடக்கிற மீன் மூச்சுக்குத்தான் பாடுபடும், தீனிக்கு வாயைத் திறக்காது. இன்றே தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்றும் சோதித்துவிடுங்கள்.

கோமாளிகள் தொட்டியைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டுவிட்டன. 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்து மில்லிமீட்டர் துளைகளை நிறையப் போட்டு, தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். உள்ளே ஒரு பி.வி.சி. எல்போ, ஒளிந்துகொள்ள. காப்பர்பேண்ட் அதில் ஒரு வாரம் இருக்கட்டும். துரத்தல் நிற்கும், மற்ற மீன்கள் சாப்பிடுவதும் கண்ணில் படும். வலையால் ஒரே ஒரு முறை, விளக்கை அணைத்துவிட்டுப் பிடியுங்கள். மறுபடி மறுபடி வலை போட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

இப்போது தீனி. இந்த மீனின் நீண்ட மூக்கு பாறை இடுக்கில் புழுவையும் சிப்பிச் சதையையும் கொத்தி எடுப்பதற்காக அமைந்தது. மேலிருந்து விழும் பெல்லட் அதன் கண்ணுக்கு உணவே அல்ல. மீன்கடையில் சொல்லிவைத்து, ஓட்டோடு மட்டியோ கல்லுமக்காயோ வாங்குங்கள். ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் இளக்கி, பாதி ஓட்டைக் கழற்றிவிட்டு, சதை ஒட்டியிருக்கும் மறுபாதியை டப்பாவின் அடியில் சதை மேலே தெரிய வையுங்கள். வைத்ததும் விலகிவிடுங்கள்; தொட்டி முன்னால் ஆள் நிழல் ஆடக் கூடாது.

மீன் ஒரு சாண் தள்ளி நின்று, உடம்பைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் சதையைப் பார்க்கும். மூக்கை நீட்டும், பின்வாங்கும். நூலிழை அளவு கொத்தி இழுத்து, உடனே துப்பும். துப்பினால் கவலைப்படாதீர்கள், அது நல்ல சேதி. வாயில் வைத்துப் பார்க்கத் துணிந்துவிட்டது. மறுநாளோ மூன்றாம் நாளோ விழுங்கும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். 25 டிகிரித் தண்ணீரில் சிப்பிச் சதை சீக்கிரம் அழுகி அம்மோனியா ஏறும்.

ஓட்டிலிருந்து தின்னத் தொடங்கியதும் காலி ஓட்டின் குழியில் இளக்கிய மைசிஸ் இறாலை (உறைந்த கட்டியாக விற்கும் பொடி இறால்) அழுத்தி வையுங்கள். அதுவும் பழகியபின் மைசிஸைப் பிப்பெட்டால் மூக்கருகே மெதுவாக விடுங்கள். பெல்லட் கடைசியில்தான், மைசிஸோடு கலந்து. இதற்கு மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். மைசிஸ் கட்டி வழியில் இளகி மறுபடி உறைந்திருந்தால், இளக்கும்போது கலங்கிய சாறாகக் கரையும், அதைப் போடாதீர்கள். கிடைக்காவிட்டால் உப்போ மஞ்சளோ படாத பச்சை இறாலை அரிசிக் குருணை அளவுக்கு நறுக்கலாம். ஒரே வேளையாகப் போடாமல் நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகப் போடுங்கள்.

எத்தனை நாள் காத்திருப்பது? நாட்காட்டியைப் பார்க்காமல் மீனின் முதுகைப் பாருங்கள். கண்ணுக்கு மேலே, முதுகுத் துடுப்பின் அடிச் சதை ஒடுங்கி, வயிறும் உள்வாங்கினால் அவகாசம் மிகக் குறைவு. கழிவு வெள்ளையாக நூல்போல் தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து தர வேண்டும். செப்பு கலந்த மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். மீனின் பசியையும் செப்பு அடக்கும்.

பூண்டின் வாடை சில மீன்களை இழுக்கலாம், நோயைத் தீர்க்காது. மைசிஸில் ஒரு சொட்டு கலந்து பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: காப்பர்பேண்ட் 20 சென்டிமீட்டர் வரை வளரும். 200 லிட்டர் அதற்கு நெடுநாள் வீடு ஆகாது.

கேள்வி: புது மீனுக்கு உயிர்த்தீனியாக ஆர்ட்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்) பொரிக்கப் பார்க்கிறேன். இரண்டு நாளானாலும் முட்டை அப்படியே மிதக்கிறது. முட்டை மோசமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: குளிர்தான் பெரும்பாலும் காரணம். 26 முதல் 28 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரியும். 18 டிகிரியில் இழுத்துக்கொண்டே போகும், பாதி பொரியாது. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்தி, 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, அரை டீஸ்பூன் முட்டை போடுங்கள். பாட்டிலை ஹீட்டர் உள்ள வெந்நீர் வாளியில் நிறுத்துங்கள். அடியிலிருந்து காற்று பலமாக வரட்டும், மேலே விளக்கு எரியட்டும். மூடுபனிக் காலத்தில் டப்பாவை ஒருமுறை திறந்தாலே முட்டை ஈரம் இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பொரிந்த குஞ்சைக் கழுவி அன்றே போட்டுவிடுங்கள். நேரமாக ஆக குஞ்சுக்குள் இருக்கும் மஞ்சள்கரு கரைந்து, சத்தில்லாத தீனியாகிவிடும்.

கேள்வி: அடுத்த மீன் வாங்கும்போது இந்தப் பட்டினிப் பிரச்சினையைத் தவிர்ப்பது எப்படி?
– வாசகர், குன்னூர்

பதில்: பணம் கொடுக்கும் முன் தீனி போடச் சொல்லி, மீன் விழுங்குவதைப் பாருங்கள். என்ன தீனி என்று கேட்டு, அதிலேயே கொஞ்சம் வாங்கி வாருங்கள். பண்ணையில் பொரித்த கோமாளி மீன் பெரும்பாலும் முதல் நாளே பெல்லட் தின்னும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடைத் தண்ணீரின் உப்பு அளவையும் (ஒப்படர்த்தியாக) கேளுங்கள். பல கடைகளில் 1.019, 1.020 தான் இருக்கும். உங்கள் தொட்டி 1.025 என்றால், தனித் தொட்டியைக் கடை அளவில் தயார் செய்து, நாளைக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விடாதீர்கள். திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி பி.எச். (நீரின் அமில-காரத் தன்மை அளவு) உயரும், பைக்குள் சேர்ந்திருக்கும் அம்மோனியா அப்போதுதான் நஞ்சாகும். மூடிய பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அன்று முழுக்க விளக்கை அணைத்தே வையுங்கள்.