வாசகர் கேள்வி: வீட்டிலேயே வண்ணக் கண்ணாடிச் சாளரம்

கேள்வி: தேவாலயங்களில் உள்ளதைப் போன்ற வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை முன்அனுபவம் இல்லாதவர் வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஓர் அடிச் சதுரப் பலகத்தில் தொடங்குங்கள். இடைக்கால ஐரோப்பாவில் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் பட்டறை பரவலாக்கிய முறையிலோ, துண்டின் விளிம்பில் செப்பு நாடாவை ஒட்டி, அதன்மீது உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பார்கள். தொடங்குபவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

கை பழக வேண்டிய இடம் வெட்டுதல்தான். சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியின் மீது வெட்டுச் சக்கரத்தைச் சீரான அழுத்தத்துடன் ஒரே ஒரு முறை ஓட்டிக் கீறலிட்டு, அக்கீறல் வழியே உடைத்தெடுக்க வேண்டும். கீறலின் மேல் மீண்டும் ஓட்டினால் கண்ணாடி தாறுமாறாக உடைவதோடு சக்கரமும் மழுங்கும். முதலில் சாதாரண ஜன்னல் கண்ணாடியில் பழகுங்கள். உட்குழிந்த ஆழமான வளைவுகளைத் தவிருங்கள். விளிம்புகளை நீரிட்டே தேயுங்கள்; கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பற்றவைக்க 60 சதவீதம் வெள்ளீயமும் 40 சதவீதம் ஈயமும் கலந்த கம்பி எளிதில் உருகிப் பரவும். எனினும் ஈயம் நஞ்சு. குழந்தைகளோ கருவுற்றவர்களோ உள்ள வீடெனில் ஈயமற்ற கம்பியையே வாங்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும், அறையில் காற்றோட்டமும் கட்டாயம். முடிந்த பலகத்தை, இருக்கும் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பொருத்தினால் மழை தாக்காது.