பொன் நிறம் மங்குவதற்குள்: ஆப்பிரிக்க ஆமை வண்டுகள் பற்றிய கேள்வி பதில்

ஆப்பிரிக்க ஆமை வண்டுகளில் ஒரு புதிய இனத்தை எப்படி அறிந்து, விவரித்து எழுதுகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே கருத்துள்ள கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஆமை வண்டு என்பது நம் ஊர்ப் பொன்வண்டுதானா ஐயா? (கல்லூரி மாணவி, மதுரை)

இல்லை அம்மா, இரண்டும் வெவ்வேறு குடும்பம். ஆமை வண்டு இலைவண்டுக் குடும்பத்தது. பெரும்பாலானவை அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். முதுகு ஓட்டின் விளிம்பு நாலு பக்கமும் அகன்று, கண்ணாடித் தகடுபோல் ஒளி ஊடுருவும்படி இருக்கும். எறும்பு வந்தால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு இலையோடு அப்பிக்கொள்ளும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டு செத்த பிறகும் அதன் பளபளப்பு போகாது. அதனால்தான் அந்த இறக்கைகளைத் துணியில் வைத்துத் தைத்தார்கள். ஆமை வண்டின் பொன் நிறமோ உயிர் இருக்கும்வரைதான். ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் உள்ள ஈரம்தான் அந்த ஒளியைத் தருகிறது. ஈரம் வற்றினால் பொன்னும் போய்விடும். மாலையில் குப்பிக்குள் தங்கப் பொட்டாக மின்னிய ஒன்றை, சில நாள் கழித்துப் புளியங்கொட்டை நிறத்தில் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. இன்றும் கனக்கிறது.

கேள்வி: கையில் இருப்பது புதிய இனம் என்று எப்படித் தெரியும்? (பூச்சியியல் ஆய்வு மாணவர், கோவை)

காட்டில் தெரியாது. அங்கே "இது வேறு மாதிரி இருக்கிறதே" என்ற சந்தேகம் மட்டும்தான் வரும். அது புதிய இனமா என்பது, முன்னோர் விவரித்து வைத்த பழைய மாதிரிகளோடு ஒப்பிடும் மேசையில்தான் முடிவாகும்.

இந்த வண்டுகளின் பெயர்க் கணக்கு 1758-இல் ஸ்வீடன் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்த காசிடா என்ற பேரினத்திலிருந்து (நெருங்கிய இனங்களின் தொகுதி) தொடங்குகிறது. 1850 முதல் 1862 வரை ஸ்வீடனின் போஹேமான் நான்கு தொகுதிகளில் உலகின் ஆமை வண்டுகளைத் தொகுத்தார். அடுத்து இந்த வண்டுகளை ஆராய்ந்தவர் வியன்னாவின் ஃபிரான்ஸ் ஸ்பேத். அவருடைய சேகரிப்பு இன்று மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்க வண்டுகளுக்கென்றே போலந்தின் விராட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்து லெக் போரோவியெட்ஸ் 1994 முதல் பகுதி பகுதியாகப் பெருநூல் எழுதினார். ஆப்பிரிக்க ஆமை வண்டைத் தொடும் எவரும் அவருடைய அடையாளத் திறவுகோலில்தான், அதாவது உறுப்பு உறுப்பாகக் கேட்டு இனத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில்தான், தொடங்க வேண்டும். திறவுகோல் எந்தப் பெயரிலும் போய் நிற்கவில்லை என்றால், அடுத்து லண்டன், பெல்ஜியத்தின் டெர்வுரன், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா ஆகிய இடங்களின் அருங்காட்சியக அலமாரிகளைப் பார்க்க வேண்டும்.

அவசரம் ஆகாது. ஒரே இனத்தில் ஒன்றுக்குக் கரும்புள்ளி நிறைய இருக்கும். மற்றொன்றுக்கு ஒன்றுமே இருக்காது. புள்ளியை மட்டும் நம்பிப் பெயர் வைத்தால், பின்னால் வருபவர் அதைப் பழைய பெயருக்குள் அடக்கிவிடுவார். மூத்த பெயரே நிற்கும் என்பது விதி. கண்டெடுத்த நாளுக்கும் விவரித்து வெளியிடும் நாளுக்கும் இடையே ஒரு புதிய உயிரினம் சராசரியாக 21 ஆண்டுகள் அலமாரியில் காத்திருக்கிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் போதவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: எந்த உறுப்புகளைப் பார்க்க வேண்டும்?

உணர்கொம்பின் பதினொரு கணுக்களில் எவை கறுப்பு, முதுகு ஓட்டில் குழிகள் வரிசையாக உள்ளனவா கலைந்து கிடக்கின்றனவா, விளிம்பு எவ்வளவு அகலம் என்று பாருங்கள். கால் நகத்தையும் விட்டுவிடாதீர்கள். அஸ்பிடிமார்ஃபா பேரினத்தில் நகத்தின் அடியில் நுண்ணிய சீப்புப்பல் இருக்கும். இனப்பெருக்க உறுப்பையும் பிரித்துப் பாருங்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு கால் போதும்.

கேள்வி: வண்டைக் கொல்லாமல் படத்தை வைத்தே புதிய இனம் என்று அறிவிக்கலாமா? (பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி)

உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களை மட்டும் வைத்து 2015-இல் ஓர் ஈ இனத்தை அறிவித்தார்கள். உலகெங்கும் பெரிய விவாதம் எழுந்தது. ஆமை வண்டுக்கு இது சரிப்படாது என்பதே என் கருத்து. நகத்தின் சீப்புப்பல்லைப் படத்தில் எப்படிப் பார்ப்பது? 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புதிய இனத்துக்கும் மூல மாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) எது என்று குறித்துக் காட்ட வேண்டும். அது படமாக இல்லாமல் பூச்சியாகவே இருந்தால் எங்கே வைக்கப்படும் என்றும் சொல்ல வேண்டும். நூறு ஆண்டு கழித்துச் சந்தேகப்படுகிறவர் கையில் எடுத்துப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். படம் அதற்குத் துணை. ஆனால் பொன் நிறத்துக்குப் படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகவே உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் அம்மாவின் பெயரை வைக்கலாமா?

தாராளமாக. பெண் பெயரின் முடிவில் லத்தீன் முறைப்படி "ஏ" ஒலி வரும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனாலும் இத்துறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. காசிடா, அஸ்பிடிமார்ஃபா இரண்டும் லத்தீன் முறையில் பெண்பால் பெயர்கள். அவற்றோடு சேரும் பண்புச் சொல்லும் பெண்பாலில்தான் வர வேண்டும். கறுப்பு என்று பெயரிட நினைத்தால் "நைகெர்" என எழுத முடியாது. "நைக்ரா" என்றே எழுத வேண்டும். எனக்குப் பிடித்தது ஊர்ப் பெயரோ உணவுச் செடியின் பெயரோதான். அடுத்துத் தேடிப் போகிறவருக்கு வழி சொல்லும்.

கேள்வி: வேலை நிமித்தம் தான்சானியாவில் இருக்கிறேன். தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியில் பொன் நிற வண்டுகளும், முதுகில் குப்பை சுமக்கும் புழுக்களும் உள்ளன. ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா?

வேண்டாம். அந்த நாட்டின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு வண்டைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள். அது அவர்களின் உயிர்ச் செல்வம்.

அந்தக் குப்பையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். புழு தன் வால் நுனியிலுள்ள கவையில் உரித்த தோல்களையும் எச்சத்தையும் அடுக்கிக் குடைபோல் பிடித்திருக்கும். எறும்பு தீண்டினால் அந்தப் பக்கமாக விசிறும். தோல்களை எண்ணினால் எத்தனை முறை தோலுரித்தது என்று தெரியும். நம் நெய்வேலிக் காட்டாமணக்கில் இதன் உறவினரான அஸ்பிடிமார்ஃபா மிலியாரிஸைப் பார்த்திருப்பீர்கள்.

சர்க்கரைவள்ளியில் காண்பவை பெரும்பாலும் அறிந்த இனங்களே. ஆனால் எந்த இனத்துக்கு எந்தச் செடி, எப்படிப்பட்ட புழு என்ற குறிப்பு பெரும் உதவி. வண்டின் முதுகு, வயிறு, புழு, முட்டைக் கூடு, செடியின் இலை, பூ எல்லாவற்றையும் படமெடுங்கள். தேதி, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, அங்குள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முதலில் அனுப்புங்கள்.